சொன்னால் போதுமா?

'சொன்னேனா, இல்லையா?'

தமிழ்க் குடும்பங்களில் ஒரு நாளைக்கு அதிகம் உச்சரிக்கப்படும் வாக்கியம் எது என்று போட்டி வைத்தால், இதற்கு ஒரு ஆறுதல் பரிசாவது நிச்சயம். பால் பொங்கி வழிந்தால் அடுப்பு பக்கம் நின்றவரைப் பார்த்து இது பாயும். பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்துப் பாயும். ஆபீஸில் கொஞ்சம் நாகரிகமாக, 'மெயில்ல தெளிவா போட்டிருந்தேனே, பார்க்கலையா?' என்று வரும். ஆஸ்பத்திரியில், 'அன்னிக்கே சொன்னோமேம்மா' என்று அலுப்போடு வரும்.

பார்ப்பதற்குக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால், யாரும் பதிலை எதிர்பார்த்து இதைக் கேட்பதில்லை. இது தீர்ப்பு. எதிரே நிற்பவர் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்ட பிறகு வாசிக்கப்படும் கடைசி வரி.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இது ஒரு டெலிவரி சலான் மாதிரித்தான் தெரிகிறது. சரக்கு என் குடோனை விட்டுக் கிளம்பியாச்சு, உங்கள் வாசலில் இறக்கியாச்சு, கையெழுத்துப் போடுங்கள். இனி உடைந்தாலும் ஒழுகினாலும் என்னைக் கேட்காதீர்கள். சொன்னது நான், மறந்தது நீ, கணக்கு நேர்.

கணக்கு அவ்வளவு சுலபத்தில் நேராகிறதா? ஒருவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால், அதை நினைவில் வைத்துச் சரியாகச் செய்து முடிக்கும் பொறுப்பு முழுக்க அவருடையதாகிவிடுமா? சொன்ன விஷயத்தில் எட்டு 'ஒருவேளை'யும் நாலு 'ஆனால்' களும் இருந்தாலுமா?

கல்லூரியில் எங்களுக்கு மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. மதிய சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவோம். அந்தத் தூக்கத்திலும் மனசில் ஒட்டிக்கொண்ட ஒரு சமாசாரம், 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நாலாவது பிரிவு. நீங்கள் ஒருவரிடம் ஒரு பேரம் பேசுகிறீர்கள். அந்தப் பேச்சு எப்போது 'சேர்ந்ததாக' ஆகிறது? உங்கள் வாயிலிருந்து வந்தபோது அல்ல. தபால் பெட்டியில் போட்டபோதும் அல்ல. அது எதிராளியின் அறிவுக்கு எட்டும்போதுதான் என்கிறது சட்டம். விக்டோரியா மகாராணி காலத்தில் வியாபாரிகளுக்காக எழுதிய சட்டத்துக்கு இருந்த இந்த இங்கிதம், நம் வீட்டு ஹாலில் ஏன் இல்லை?

*

முதலில் பாத்திரத்தின் கொள்ளளவைப் பார்த்துவிடலாம். ஊற்றியது வழிந்தால் பாத்திரத்தைத் திட்டுவதா, ஊற்றியவரைத் திட்டுவதா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1956-ல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் ஒரே சமயத்தில் மனசில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் ஏழு, அல்லது அதற்கு இரண்டு கூட, இரண்டு குறைச்சல் என்றார். அந்த 'ஏழு' உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. 2001-ல் நெல்சன் கோவன் என்பவர், பிற்கால ஆய்வுகளை எல்லாம் அலசிவிட்டு, ஏழு ரொம்ப தாராளம், நிஜத்தில் நாலு பக்கம்தான் என்றார். ஏழிலிருந்து நாலுக்கு இறங்கியாயிற்று. அடுத்த ஐம்பது வருடத்தில் எங்கே போய் நிற்குமோ!

எண்ணிக்கை மட்டும் விஷயமில்லை. பின்னலும் சேர்ந்துதான் ஆளை அடிக்கிறது. ஒரு உதாரணம்.

'துவரம்பருப்பு ஒரு கிலோ, வெல்லம் கால் கிலோ, ஒரு பாக்கெட் அப்பளம்.' சொல்லி முடித்தாயிற்று. எட்டாங்கிளாஸ் பையன்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

இப்போது இதைப் பாருங்கள்: 'பருப்பு புதுசா வந்திருந்தா ரெண்டு கிலோ வாங்கு, பழசுன்னா அரைக் கிலோ போதும். வெல்லம் உருண்டையா இருந்தா வாங்கு, அச்சு வெல்லம்னா வேணாம், அப்ப நாட்டுச் சர்க்கரை வாங்கிக்கோ, ஆனா நூறு கிராமுக்கு மேல வேணாம். அப்பளம் அந்த மஞ்சள் பாக்கெட் இல்லேன்னா பக்கத்துக் கடையில கேளு. அங்க போறதா இருந்தா முதல்ல வெல்லத்தை அங்கயே பார்த்துடு.'

இதிலும் அதே மூன்று சாமான்கள்தான். ஆனால், ஒவ்வொரு 'இருந்தா'வும் ஒரு முச்சந்தி. கடைக்குப் போய்ச் சேரும்வரை எந்தத் தெருவில் திரும்பப்போகிறோம் என்று தெரியாது. ஆகவே எல்லாத் தெருக்களையும் தலையில் சுமந்துகொண்டே நடக்கவேண்டும். நடுவில் எதிர்வீட்டுக்காரர் 'என்ன சார், மழை வரும்போல இருக்கே' என்று சொன்னால் போதும், ரெண்டு தெரு காணாமல் போய்விடும். வீட்டுக்கு அச்சு வெல்லம் வந்து சேரும். அதைத் தொடர்ந்து, 'சொன்னேனா, இல்லையா?'

வெல்லத்தோடு போனால் பரவாயில்லை. மாத்திரை விஷயத்திலும் இதுதான் நடக்கிறது. ராய் கெஸல்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 2003-ல், அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். டாக்டர்களும் நர்ஸ்களும் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம்வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துவிடுகிறது. அடுத்த நாள் அல்ல, உடனே. அதிகம் சொல்லச் சொல்ல, மறக்கும் பங்கும் அதிகமாகிறது. நினைவில் இருப்பதாக நினைத்துக்கொள்வதிலும் ஏறக்குறைய பாதி தப்பு. அதாவது, நல்லெண்ணத்தில் ஒரு டாக்டர் கூடுதலாகப் பத்து விஷயம் சொன்னால், ஏற்கெனவே சொன்ன மூன்று முக்கியமான விஷயங்களையும் அவரே தள்ளிவிடுகிறார் என்று அர்த்தம்.

ஒரு மருந்துக்கடையில் என் முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கலாம். ஐந்து விதமான மாத்திரைகள். கடைக்காரப் பையன் நல்லவன், பொறுமைசாலி. 'இது காலையில வெறும் வயித்துல ஒண்ணு. இது காலை ராத்திரி, சாப்பிட்டப்புறம். இது மத்தியானம் மட்டும் பாதி. இந்தச் சிவப்பு, வலி இருந்தாதான். இது அஞ்சு நாளைக்கு மட்டும், அப்புறம் நிறுத்திடணும். புரிஞ்சுதாம்மா?' என்றான்.

'புரிஞ்சுதுப்பா' என்றார் அந்த அம்மாள்.

படியிறங்கியதும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் கவரை நீட்டி, மெதுவாகக் கேட்டார்: 'இதுல ராத்திரிக்கு எது கண்ணு?'

அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம். வெட்டிக் கொடுத்த பட்டைகளில் பாதிக்குப் பெயரே இல்லை. பெயர் இருந்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது.

யாரைக் குற்றம் சொல்வீர்கள்? பையன் சொன்னான். அந்த அம்மாளும் கேட்டார். 'புரிஞ்சுதா' என்று அவன் கேட்டான், 'புரிஞ்சுது' என்று அவர் சொன்னார். சலானில் கையெழுத்தும் விழுந்துவிட்டது. சரக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

*

'அதெல்லாம் சரி சார், ஜாக்கிரதையா இருக்கிறவங்க மறக்கறதில்லையே. எல்லாம் அலட்சியம்' என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக ஒரு விமானக் கதை.

1935-ம் வருடம் அக்டோபர் 30. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தின் ரைட் ஃபீல்டு விமானதளம். போயிங் கம்பெனியின் மாடல் 299 என்ற புத்தம்புது ராணுவ விமானம், சோதனை ஓட்டத்துக்குக் கிளம்புகிறது. நாலு என்ஜின். அதுவரை ராணுவம் பார்த்ததில் படு சிக்கலான மிஷின். ஓட்டியவர் மேஜர் ப்ளாயர் ஹில், அனுபவம் மிக்க சோதனை விமானி. கூடவே போயிங்கின் சொந்த விமானி லெஸ்லி டவர். விமானம் மேலே கிளம்பியது. செங்குத்தாக ஏறியது. திரும்பிக் கீழே விழுந்து எரிந்தது. இருவருமே பிழைக்கவில்லை.

விசாரித்ததில் என்ஜினில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க, விமானத்தின் வால் பகுதிச் சாதனங்களுக்கு ஒரு பூட்டு உண்டு. கிளம்புவதற்கு முன்னால் அதை விடுவிக்கவேண்டும். அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

மேஜர் ஹில் அலட்சியமான ஆசாமி என்று யாரும் சொல்லமுடியாது. நம்மில் எவரையும்விட அவருக்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய காரணம் அதிகம். உயிர் அவருடையது. அப்படியும் மறந்தது. ஆகவே, 'மறதி என்பது அக்கறையின்மை' என்ற நம் வீட்டுத் தீர்ப்பு இங்கே அடிபட்டுப்போகிறது.

அதற்குப் பிறகு ராணுவம் செய்த காரியம்தான் முக்கியம். 'இனிமேல் விமானிகள் அதிக கவனத்துடன் இருக்கவேண்டும்' என்று ஒரு சர்க்குலர் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கிளம்புவதற்கு முன், பறக்கும்போது, இறங்குவதற்கு முன், இறங்கிய பின் என்று பார்க்கவேண்டியவற்றைச் சின்னச் சின்னப் பட்டியல்களாக எழுதிக் கையில் கொடுத்தார்கள். மனசில் சுமந்ததைக் காகிதத்துக்கு இறக்கிவைத்தார்கள். அந்த விமானம்தான் பிற்பாடு பி-17 என்ற பெயரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

இதே கதையின் சின்ன உருவம் உங்கள் ஏ.டி.எம்.மில் இருக்கிறது. பணம் எடுக்கப் போகிறோம். பணம் கைக்கு வந்ததும் மனசு 'வேலை முடிந்தது' என்று கடையைச் சாத்திவிடுகிறது. கார்டு உள்ளேயே நிற்கிறது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலை மிஷினிலேயே விட்டு வருவதும் இதே ஜாதி மறதிதான். முக்கியக் காரியம் முடிந்தபிறகு மிச்சமிருக்கும் சில்லறைக் காரியம்தான் முதலில் நழுவும். இதற்கு 'கார்டை மறக்காதீர்கள்' என்று எத்தனை போர்டு வைத்தாலும் பிரயோஜனம் குறைவு. ஆகவே பல மிஷின்களை மாற்றி அமைத்தார்கள். முதலில் கார்டை எடு, அப்புறம்தான் பணம். மனிதனுக்கு உபதேசம் செய்வதைவிட மிஷினின் வரிசையை மாற்றுவது மலிவு என்று யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டிருக்கிறார்.

*

விமானிக்குக் காகிதம் கொடுக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு?

இந்த இடத்தில் நான் உங்களை பங்களாதேஷுக்கு அழைத்துப் போகவேண்டும். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இவ்வளவு நேர்மையான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவது, உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால். அதைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டால் குழந்தை பிழைத்துவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை மூன்றும் சரியான அளவில் போதும். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்காளத்தில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கவைத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றிக் காட்டினார். 1978-ல் 'லான்செட்' மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது.

மருந்து தெரிந்தாயிற்று. ஆனால், கிராமத்துக் குடிசையில் நடுராத்திரி குழந்தைக்குப் போக ஆரம்பித்தால், அதைக் கலந்து கொடுக்கவேண்டியது அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தராசு இல்லை. அளவுக் கரண்டி இல்லை. உப்பு குறைந்தால் பலன் இல்லை. கூடினால் மருந்தே விஷம்.

ஃபஸ்லே ஹசன் ஆபேத் தொடங்கிய 'ப்ராக்' என்ற தொண்டு நிறுவனம் 1979-ல் சுல்லா என்ற பகுதியில் சோதனையாக இறங்கியது. மறுவருடத்திலிருந்து நாடு முழுக்க வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். போனவர்கள் பெண்கள். அவர்கள் கொண்டுபோன செய்முறை: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தராசுக்குப் பதில் தாயின் விரல்களே அளவுகோல். அந்த விரலளவு சரிவருகிறதா என்று பரிசோதனைக்கூடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

முதலில் தாய்மார்கள் நினைவில் வைக்கவேண்டியவை என்று பத்து குறிப்புகள் வைத்திருந்தார்கள். பத்து அதிகம் என்று தெரிந்ததும் ஏழாகக் குறைத்தார்கள். வெட்டிய மூன்று குறிப்புகளும் உபயோகமற்றவையாக இருந்திருக்காது. ஆனால், அவற்றை வைத்துக்கொண்டிருந்தால் மிச்சம் ஏழும் போய்விடும். நல்ல விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் எடிட்டர்களுக்கு இது தெரியும். எழுதுகிறவர்களுக்குத்தான் வலிக்கும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான், என்னைப்போன்ற கணக்குப்பிள்ளை மனசுக்காரர்களை எழுந்து உட்காரவைக்கிற சமாசாரம். சொல்லிக்கொடுக்கும் பெண்களுக்குச் சம்பளம் எப்படி? எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து அல்ல. எத்தனை முறை சொன்னார்கள் என்பதை வைத்தும் அல்ல. சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துத் தாய்மார்களிடம் கேட்பார். எத்தனை குறிப்பு ஞாபகமிருக்கிறது? எங்கே, கலந்து காட்டுங்கள். கலந்ததை எடுத்துப்போய் உப்பளவைச் சோதிப்பார்கள். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்குத் தகுந்தாற்போல் சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். தாய்க்கு ஒன்றுமே நினைவில்லை என்றால், அந்த வீட்டுக்காக அவருக்கு ஒன்றுமே கிடையாது.

கேட்டவர் மறந்தால் சொன்னவருக்குச் சம்பளம் கட். 'சொன்னேனா, இல்லையா?' என்ற வாக்கியத்துக்கு அந்தத் திட்டத்தில் பத்து பைசா மதிப்பில்லை.

இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும்? சொல்கிறவர் தாயின் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். வேகத்தைக் குறைப்பார். திரும்பச் சொல்லச் சொல்வார். அந்த வீட்டுச் செம்பையே எடுத்து, அரை சேர் தண்ணீர் எதுவரை வரும் என்று அடையாளம் வைத்துக் கொடுப்பார். மனப்பாடமாகும்வரை நகரமாட்டார். கருணையால்தான் இதெல்லாம் நடக்கவேண்டும் என்பதில்லை. கணக்கு சரியாக எழுதப்பட்டால் போதும்.

இங்கேயே கதையை முடித்தால் சினிமா மாதிரி இருக்கும். முடியவில்லை. தாய்மார்கள் குறிப்புகளை அழகாக ஒப்பித்தார்கள். சரியாகக் கலந்தும் காட்டினார்கள். ஆனால், குழந்தைக்கு நிஜமாகவே போனபோது அதைக் கலந்து கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று தோண்டினார்கள். சொல்லிக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரியவந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரை தேடி ஓடினார்கள். ஊருக்குத்தான் உப்பும் வெல்லமும். தாய்மார்கள் இதை மோப்பம் பிடிக்காமல் இருப்பார்களா? பிறகு அந்தப் பெண்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், இந்தக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். முதலில் நீங்கள் குடியுங்கள் என்றார்கள். கிராமத்து ஆண்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். உபயோகம் மெல்ல ஏறியது.

1990-ல் திட்டம் முடிந்தபோது ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளின் கதவைத் தட்டியிருந்தார்கள். அந்தத் தாய்மார்களில் பலர் அதைத் தங்கள் மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

*

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 'எல்லாவற்றையும் சுருக்கி, பட்டியல் போட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்தது' என்று கிளம்பிவிடக்கூடாது. பட்டியலுக்கும் ஒரு தோல்விக் கதை உண்டு.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்காக 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. சரியான நோயாளிதானா, சரியான பக்கம்தானா, உள்ளே வைத்த பஞ்சு எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்கிற மாதிரி விஷயங்கள். நம் புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில், எட்டு ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. உலகமே கை தட்டியது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் அமலுக்கு வந்ததைப் பற்றிய ஆய்வு 2014-ல் வெளியானது. குறிப்பிடும்படியான முன்னேற்றம் ஏதுமில்லை.

அதே மாதிரிப் பட்டியல்தான். எங்கே போயிற்று பலன்? ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது: மேலிடத்து உத்தரவாக வந்திறங்கும் பட்டியலில் டிக் அடிப்பது ஒன்று, ஒவ்வொரு வரியையும் நிறுத்திக் கேட்பது வேறொன்று. நம்பிக்கை இல்லாமல் அடிக்கும் டிக்கும், நம்பிக்கை இல்லாமல் சொல்லிக்கொடுத்த உப்பு வெல்லமும் ஒன்றுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. இதுவரை பார்த்தவர்கள் எல்லாம் சொல்வது போய்ச் சேரவேண்டும் என்று நினைத்தவர்கள். சேரக்கூடாது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கடன் வாங்கும்போது நீட்டுகிற அந்தக் கத்தைக் காகிதத்தைப் பாருங்கள். எறும்பு வரிசை எழுத்து. இருபது இடத்தில் கையெழுத்து. 'இங்க, இங்க, அப்புறம் இங்க சார்' என்று பேனா வைத்துக் காட்டுவார்கள். எந்த வரியும் பொய் இல்லை. எல்லாமே சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவு சொல்லப்பட்டிருப்பதால்தான் எதுவும் தெரியவில்லை. ஒளித்து வைப்பதற்கு மௌனத்தைவிட நல்ல இடம், நாற்பது பக்கம். நாளைக்கு வட்டி ஏறும்போது, 'எல்லாம் அக்ரிமென்ட்ல இருக்கே சார், படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?' என்பார்கள். 'சொன்னேனா, இல்லையா?' கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

இதை ரிசர்வ் வங்கியும் புரிந்துகொண்டது. தனிநபர்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கும் தரும் கடன்களின் முக்கிய விவரங்களை எளிய அறிக்கையாகத் தரவேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும், அதை அவருக்கு விளக்கவேண்டும் என்று 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபர் 1 முதல் தரப்படும் புதுக் கடன்களுக்கு இது பொருந்தும். விளக்கிய பிறகு 'புரிந்தது' என்று ஒப்புதலும் வாங்கவேண்டும். நல்ல உத்தரவு. அந்த ஒப்புதலும் இருபத்தோராவது கையெழுத்தாகிவிடாமல் இருந்தால் சரி.

*

அப்படியானால் கேட்கிறவருக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. புரியவில்லை என்றால் 'இன்னொரு தரம் சொல்லுங்க' என்று கேட்கும் பொறுப்பு. எழுதிவைத்துக்கொள்ளும் பொறுப்பு. ஆனால், அந்த வாக்கியத்தைச் சொல்வது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. டாக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது, 'புரியலை' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? புது வேலைக்காரர் மேனேஜரிடம் சொல்வாரா? சித்தாள் மேஸ்திரியிடம்? நம் ஊரில் தலையாட்டுவது என்பது பெரும்பாலும் மரியாதை. 'நீங்கள் பெரியவர், நான் உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன்' என்று அதற்கு அர்த்தம். நாம் அதைப் 'புரிந்தது' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். நமக்கு அதுதான் சௌகரியம்.

எனக்குத் தெரிந்த வரையில் நியாயம் இப்படித்தான் வருகிறது. இருவரில் யாருக்கு விஷயம் அதிகம் தெரியுமோ, யாருக்கு நேரத்தின் மீது அதிகாரம் உண்டோ, யார் பயப்படாமல் பேசமுடியுமோ, பொறுப்பில் பெரும்பங்கு அவருக்கு. அப்பா பிள்ளைக்குச் சொல்லும்போது அப்பாவுக்கு. மெக்கானிக் நமக்குச் சொல்லும்போது மெக்கானிக்குக்கு. நாம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், வாஷிங் மிஷினின் பதினாறு பட்டன்களைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஆபீஸ் கிளம்பும்போது, சந்தேகமே இல்லாமல் நமக்கு.

நடைமுறைக்கு ஒரே ஒரு சின்ன மாற்றம் போதும் என்று மருத்துவ உலகில் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். அதற்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், 'புரிஞ்சுது.' பதிலாக, 'நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கறேன், வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, ஒருதரம் சொல்லுங்க' என்று கேட்கச் சொல்கிறார்கள். பரீட்சை யாருக்கு என்பது அந்த வாக்கியத்தின் முதல் பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. எதிராளி தடுமாறினால் அவருக்கு மார்க் குறைவதில்லை. நமக்குத்தான்.

இதற்கு ஆகும் செலவு, ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை யார் தருவது என்பதில்தான் எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். ஆஸ்பத்திரி பார்க்கிறது, பேங்க் பார்க்கிறது, மேனேஜர் பார்க்கிறார், நாமும் பார்க்கிறோம். நாம் தராமல் மிச்சம் பிடிக்கிற இரண்டு நிமிடம் எங்கேயும் போய்விடுவதில்லை. அது இன்னொருவர் பெயரில் பற்று எழுதப்படுகிறது. ராத்திரிக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் கவரைக் கவிழ்த்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர், வட்டியும் சேர்த்துக் கட்டுகிறார்.